எரிமலைக்கு முன்னே குளிர்ந்த கடல்

ஜூலை 21

காலையிலிருந்து மாலை வரை ரூபர் பொறுக்கினேன். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தால் சுவரெல்லாம் வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது. ஹாஸ்டலுக்கு வந்து துணியை ஊறவைத்தேன். துவைக்கவில்லை.

வள்ளியூரிலிருந்து அம்மா போன் செய்தாள். உங்கள் மகள் அங்கே என்னதான் ஆராய்ச்சி செய்கிறாள் என்று எதிர்வீட்டு டீச்சர் கேட்டாராம். அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. நாலு வருடமாக நானும் சரியாகச் சொன்னதில்லை. இன்று பொறுமையாகச் சொன்னேன். கடலின் மேல்தண்ணீரில் ஃபோராமினிஃபெரா என்று ஓர் உயிர் மிதக்கிறது. ஒரே ஒரு செல்தான், ஆனாலும் தனக்கென்று சுண்ணாம்பில் ஓர் ஓடு கட்டிக்கொள்ளும். ரவையை விடச் சின்னது. அதில் ஒரு வகைதான் ரூபர். செத்ததும் ஓடு அடியில் போய்ச் சேற்றில் விழும். அதன்மேல் இன்னும் சேறு, இன்னும் ஓடு. ஓடு கட்டும்போது சுண்ணாம்போடு துளி மெக்னீசியமும் உள்ளே போகும். தண்ணீர் சூடாக இருந்தால் கூடுதலாகப் போகும், குளிர்ந்திருந்தால் குறையும். அதை அளந்தால் அந்தக் காலத்தில் கடல் எத்தனை டிகிரி இருந்தது என்று சொல்லிவிடலாம்.

அம்மா எல்லாவற்றுக்கும் "உம்" கொட்டிவிட்டு, "செத்துப்போனதுக்குப் போயி காய்ச்சல் பாத்துட்டு இருக்கியாக்கும்" என்றாள்.

அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. டீச்சரிடம் அதையே சொல்லச் சொன்னேன்.

ஜூலை 23

பொறுக்குவதற்கு நாலைந்து முடி மட்டுமே உள்ள பிரஷ். நுனியை ஈரமாக்கி ஓட்டைத் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். ஈரமாக்கக் காய்ச்சி வடித்த நீர் வைத்திருக்கிறார்கள். ஒருவரும் தொடுவதில்லை. எல்லோரும் நாக்கில்தான் தொட்டுக்கொள்கிறோம். சோறு தின்னும் நாக்கில் எழுபதாயிரம் வருடத்துச் சேறு. ருசி ஒன்றும் இல்லை, லேசாகக் கரிக்கும்.

அடுத்த மேசையில் ரோமால்ட். தூத்துக்குடிக்காரன், டாக்டர் பட்டம் வாங்கி மூன்று வருடமாகிறது, இன்னும் எங்கள் ஆய்வகத்தில் ஒப்பந்த வேலை. ஆகஸ்ட் 14 அவனுக்குக் கொச்சியில் நேர்முகம், நிரந்தர விஞ்ஞானி வேலைக்கு. இதற்கு முன் இரண்டு இடத்தில் கடைசிவரை போய்க் கைநழுவியது. அக்டோபரில் வயது வரம்பு தாண்டிவிடுகிறான், அதனால் இதுதான் கடைசி. அதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டே சொல்கிறான். எனக்கு எரிச்சலாக வருகிறது.

ஜூலை 28

நாலாவது துண்டின் அளவுகள் வந்துவிட்டன. எழுத வேண்டும், கை ஓடவில்லை. முதலிலிருந்து வருகிறேன்.

வங்காள விரிகுடாவில் கப்பலிலிருந்து நீளமான குழாயை இறக்கிக் கடலடிச் சேற்றை அப்படியே எடுத்தோம். என் ஆய்வு வழிகாட்டி மேடம், ரோமால்ட், நான் மூவரும் போயிருந்தோம். நான் முக்கால்வாசி நேரம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். குழாயை மீட்டர் மீட்டராக வெட்டி மூடி போட்டுக் கொண்டுவந்தோம். மேலே இருப்பது புதிய சேறு, கீழே போகப் போகப் பழசு. ஒரு சென்டிமீட்டர் ஏறக்குறைய இருநூறு வருடம். நாலாவது துண்டின் நடுவில் விரல்கடை அளவுக்குச் சாம்பல் இருக்கிறது. எழுபத்துநாலாயிரம் வருடம் முன்பு சுமத்ராவில் வெடித்த பெரிய எரிமலையின் சாம்பல். சாம்பல் வானத்தை மறைத்துக் கடல் அதற்குப் பிறகு குளிர்ந்திருக்கும் என்பதுதான் பலருடைய எதிர்பார்ப்பு.

எங்கள் ஓடுகள் வேறு சொல்கின்றன. சாம்பலுக்குக் கீழே, அதாவது வெடிப்பதற்கு முன்பே, கடல் இரண்டு டிகிரி குளிர்ந்து கிடக்கிறது. சாம்பல் விழுந்த பிறகு சூடு.

மேடம் எழுந்தே நின்றுவிட்டார். சாரதாமணி மேடம் யாரையும் எளிதில் பாராட்டுகிறவர் இல்லை. அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். "இருவத்தெட்டு வருசமா இப்பிடியொரு முடிவுக்காகத்தான் கண்ணு காத்துட்டிருந்தேன்" என்றார். மாலைக்குள் மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பியாகிவிட்டது. முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது ரோமால்ட். நேர்முகத்தில் இந்த வரைபடத்தைத்தான் முக்கியமாகக் காட்டப் போகிறானாம். கேன்டீனில் மேடம் எங்களுக்கு பஜ்ஜி வாங்கித் தந்தார். ரோமால்ட் என் தட்டிலிருந்தும் ஒன்றை எடுத்துக்கொண்டான்.

ஜூலை 30

எரிமலை வெடிக்கப்போவது கடலுக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது?

வேறு ஏதாவது காரணத்தால் குளிர்ந்திருக்கலாம். நியாயம்தான். ஆனால் சாம்பல் வந்ததும் ஏன் சூடானது? இன்னொன்றும் உறுத்துகிறது. மூன்றாவது துண்டு முடிந்து நாலாவது தொடங்கும் இடத்தில் வரைபடக் கோட்டில் மாடிப்படி போல ஒரு படி இருக்கிறது. நாலு முடிந்து ஐந்து தொடங்கும் இடத்திலும் ஒரு படி. கடல் எங்கள் வெட்டுக்கத்தியைப் பார்த்தா சூடாகும், குளிரும்?

மேடத்திடம் கேட்டேன். வெட்டும்போது ஓரத்தில் கொஞ்சம் சேறு கொட்டிப்போயிருக்கும், அதனால்தான் என்றார். இருக்கலாம்.

ஆகஸ்ட் 2

துணி துவைத்தேன். வாளியில் நாற்றம் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 4

பொறுக்கும்போது குறுக்கே கண்ணாடிச் சில்லுகள் வரும். எரிமலையின் சாம்பல் என்பது இதுதான், உடைந்த பல்பு மாதிரி வளைந்து, நிறமில்லாமல், மெல்லிசாக. இத்தனை நாள் தொல்லை என்று பிரஷால் ஒதுக்கித் தள்ளிக்கொண்டிருந்தேன். இன்று ரூபரை விட்டுவிட்டுச் சில்லுகளை மட்டும் பார்த்தேன்.

சேற்றைச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக அறுத்துத் தனித்தனிப் பையில் போட்டு வைத்திருக்கிறோம். சாம்பலுக்கு மேலே உள்ள பைகளில் ஒரு சில்லுகூட இல்லை. கத்தியால் வெட்டியது போல நின்றுவிடுகிறது. கீழே உள்ள பைகளில் இருக்கின்றன. நிறைய, அப்புறம் கொஞ்சம், அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றும்.

கீழே இருப்பது வெடிப்புக்கு முந்தைய சேறு. அன்றைக்கு இந்தச் சாம்பல் உலகத்திலேயே கிடையாது. அதற்குள் எப்படிப் போனது? சாப்பிடப் போக மறந்துவிட்டேன். இவ்வளவு நன்றாக ஒரு நாள் போய் எத்தனை காலமாயிற்று.

ஆகஸ்ட் 5

புழு என்கிறார் மேடம். கடலடியில் புழுக்கள் சேற்றைக் குடைந்துகொண்டே இருக்கும், அவை சில்லுகளைக் கீழே கொண்டு போயிருக்கும் என்கிறார். மறுக்க முடியாத பதில். ஆனால் கீழே கொண்டுபோகத் தெரிந்த புழுவுக்கு மேலே கொண்டுபோகத் தெரியாதா என்று கேட்டேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேர்முகம் வரைக்கும் ரோமால்டைக் குழப்பாதே என்று மட்டும் சொன்னார்.

ஆகஸ்ட் 6

ஹாஸ்டல் ஸ்டவ்வில் தக்காளித் தொக்கு செய்தேன். எனக்குத் தக்காளி ஒத்துக்கொள்ளாது. பாட்டிலில் போட்டு ரோமால்டின் மேசையில் வைத்தேன். தக்காளி மலிவாக இருந்தது, அவ்வளவுதான்.

அவன் கொச்சிக்குப் பேசப்போவதை என்னிடம் ஒத்திகை பார்த்தான். நன்றாகப் பேசுகிறான். வரைபடம் வந்ததும் அவன் குரல் மாறுகிறது. அதில் வந்து நின்று, "இங்கதான் எல்லாரும் நிமிந்து உக்காருவாங்க பாரு" என்றான்.

ஆகஸ்ட் 9

குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஒரு பாதியைத்தான் நாங்கள் பைபையாக அறுத்தோம். மறுபாதி யாரும் தொடாமல் பின்கட்டிடத்துக் குளிரறையில் கிடக்கிறது. வெளியே வெயில் கொளுத்த, நான் ஸ்வெட்டரோடு போனதைப் பார்த்து செக்யூரிட்டி சிரித்தார். ஆய்வேட்டுக்குப் படம் எடுக்க வேண்டும் என்று மேடத்திடம் சாவி வாங்கியிருந்தேன். பொய்யில்லை, படமும் எடுத்தேன்.

நாலாவது துண்டை உருவி வெளிச்சத்தில் வைத்தேன். கரும்பச்சைச் சேறு, நடுவில் வெளிர் சாம்பல் பட்டை. பட்டையின் மேல்விளிம்பு ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தது போல இருக்கிறது. கீழ்விளிம்பு கலங்கிக் கரைந்து போகிறது. சாம்பல் எங்கே விழுந்தாலும் அடிதான் கோடு போல இருக்கும். விழுந்தபிறகுதான் புழுக்கள் வந்து குடைந்து மேலே உள்ள புதுச் சேற்றோடு கலக்கும்.

தலையை ஒருபக்கமாகச் சாய்த்துப் பார்த்தேன். பிறகு துண்டையே திருப்பி வைத்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

துண்டு தலைகீழ். எரிமலைக்கு முன்பு கடல் குளிரவே இல்லை. பிறகுதான் குளிர்ந்தது, எல்லோரும் எதிர்பார்த்தது போல.

அங்கேயே கைகொட்டிச் சிரித்தேன். குளிரில் பல் கிடுகிடுத்தது, சந்தோஷம் தாங்கவில்லை. படி, சில்லு, குளிர், எல்லாம் ஒரே திருப்பில் அடங்கிவிட்டது. அதற்கப்புறம்தான் குழாயின் வெளிப்பக்கம் பார்த்தேன். எந்தப் பக்கம் மேல் என்று காட்டக் கப்பலில் மார்க்கரால் போட்ட அம்பு. தலை ஒருபக்கம் கோணலாக, வாலில் ஒரு சுழிப்போடு. அது யார் போட்ட அம்பு என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாவியை மேடத்தின் அறையில் வைத்துவிட்டு வந்தேன். மேடம் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 10

ஞாயிறு. ஆய்வகம் போகவில்லை.

மேடத்திடம் சொல்வதுதான் முறை. சொன்னால் இன்றே சுருக்கத்தைத் திரும்பப் பெறுவார், அவர் குணம் அப்படி. ரோமால்ட் வெறுங்கையோடு கொச்சி போவான். தவறான அம்பு போட்டவன் என்ற பெயரோடும் போவான்.

யாரிடமும் சொல்லாமல் பதினைந்தாம் தேதி வரை இருக்கலாம். அவன் ஒன்றும் தெரியாமல் போவான், ஒன்றும் தெரியாமல் காட்டுவான், அவன்மேல் பிழையில்லை. வேலை கிடைக்கும். கிடைத்தபிறகு சொன்னால் என்னை மன்னிப்பானா? அந்த வேலையில் அவன் நிம்மதியாக உட்கார முடியுமா?

அவனிடம் மட்டும் சொல்லலாம். சொன்னால் பாரம் அவன் தலைக்குப் போய்விடும். பதினாலாம் தேதி எந்தப் படத்தைக் காட்டுகிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

சின்ன வயதிலிருந்து எனக்கு எதையும் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. அப்பாவின் ரேடியோவைப் பிரித்து அடி வாங்கியவள். ஆனால் இதை மட்டும் தெரிந்துகொள்ளப் பயமாக இருக்கிறது. என்ன பயம் என்று எழுத விருப்பமில்லை.

ஆகஸ்ட் 11

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் கேன்டீனுக்குப் பின்னால் சவுக்குத்தோப்பு பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் குளிரறையில் எடுத்த படத்தைக் காட்டினேன். வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரிதாக்கிப் பார்த்தான், தலைகீழாக்கிப் பார்த்தான். பிறகு கீழே உட்கார்ந்துவிட்டான்.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெட்டியதும் முதலில் அடிப்பக்கத்துக்குத்தான் மூடி போடுவோம், முதல் மூடி எப்போதும் சிவப்பு. எல்லா மூடியும் போட்டு முடித்த பிறகு, முதல் மூடிக்கு எதிர்ப்பக்கம் பார்த்து வரிசையாக அம்பு போட்டுக்கொண்டே வருவோம். எந்தக் கப்பலிலும் அப்படித்தான். கை தானாகச் செய்யும்.

"நாலாவதுல மேல்வாய் சரிஞ்சு கொட்ட ஆரம்பிச்சுட்டு. அலை வேற. அதான் அந்தப் பக்கத்த மொதல்ல அடைச்சேன்" என்றான். "அப்புறம் அம்பு போடும்போது அது ஞாபகத்துலயே இல்ல, இசக்கி."

நான் அந்த நேரம் கப்பலின் கீழ்த்தளத்தில் பக்கெட்டோடு கிடந்தேன். பக்கத்தில் நின்றிருந்தால் ஒருவேளை பார்த்திருப்பேன்.

மேடத்துக்குத் தெரியுமா என்று கேட்டான். இல்லை என்றேன். பதினைந்தாம் தேதி சொல்லுவேன் என்றேன். இதைச் சொல்லும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. நாலாவது துண்டின் எண்கள் முழுவதையும் அனுப்பச் சொன்னான். அனுப்பினேன்.

ஆகஸ்ட் 12

கிளம்பிவிட்டான். காலி பாட்டிலைக் கழுவி என் மேசையில் வைத்திருந்தான். சீட்டு ஏதாவது இருக்குமோ என்று மூடியைத் திறந்து பார்த்தேன். பாட்டில்தான்.

ஆகஸ்ட் 13

ஐந்தாவது துண்டில் மீதமிருந்த பைகளைக் கழுவினேன். சல்லடையில் தண்ணீர் விட்டுக்கொண்டே நின்றதில் ஒரு பை முழுக்கச் சாக்கடைக்குப் போய்விட்டது. இருநூறு வருடம் போச்சு.

ஆகஸ்ட் 14

மூன்று மணிக்கு மேடம் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

கொச்சி நேர்முகக் குழுவில் இருந்த ஒருவர் மேடத்தோடு படித்தவராம். சந்தேகம் கேட்கப் போன் செய்திருக்கிறார். மாநாட்டுச் சுருக்கத்தில் வெடிப்புக்கு முன்னால் குளிர்ந்தது என்று இருக்கிறது, உங்கள் பையன் காட்டிய படத்தில் பின்னால்தான் குளிர்கிறது, எது சரி என்று கேட்டாராம். இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று குழு அவனைக் கேட்டதற்கு, ஒன்றும் இல்லை, துண்டு தலைகீழாக இருந்தது, அம்பு போட்டது நான்தான் என்று சொன்னானாம்.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் என்று சொன்னால் அந்த நேரத்தில் மேடம் என்னை அறைந்திருப்பார்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"ஒன்பதாம் தேதி மேடம்."

"எங்கிட்ட எப்பச் சொல்றதா இருந்தே?"

நாளைக்கு என்றேன். இத்தனை வெட்கம் எனக்கு இதுவரை வந்ததில்லை. நாலு வருடம் கற்றுக்கொடுத்தவரைக் கடைசி ஆளாக வைத்துவிட்டேன். வேறு யாருக்காக என்றாலும் இப்படிச் செய்திருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், என்னைப் பார்த்த பார்வை அப்படி.

மேடம் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். சேலை மேலேயே என் ஸ்வெட்டரை வாங்கிப் போட்டுக்கொண்டு குளிரறைக்கு நடந்தார், நான் பின்னால். துண்டைப் பார்த்தார். சேற்றைத் தொடாமல் அந்த நேர்க்கோட்டின் மேலாகவே விரலை ஓட்டினார்.

"நீ கேட்டப்பவே நான் இங்க வந்து பாத்திருக்கோணும். வராம புழு மேல பழியப் போட்டேன்" என்றார். "எனக்கு அது நெசமா இருக்கோணும்னு ஆசை கண்ணு. உன்னையத் திட்ட எனக்கு வாயில்ல. ஆனா இனி எதுனாலும் எங்கிட்டத்தான் மொதல்ல வரோணும்."

திரும்பி வந்து சுருக்கத்தைத் திரும்பப் பெறும் மின்னஞ்சலை அவரே அடித்தார். என் ஆய்வேடு ஒரு வருடமாவது தள்ளிப்போகும். அவர் ஓய்வுக்கு முன்னால் முடியுமா என்று இருவருமே பேசவில்லை.

ஆகஸ்ட் 15

கொடி ஏற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். ரோமால்ட் போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 16

காலையில் ஆய்வகத்துக்கு வந்தால் அவன் எனக்கு முன்னே உட்கார்ந்திருக்கிறான், சவரம் செய்யாத முகத்தோடு. நேரே மேடத்தின் அறைக்குப் போனான். அரைமணி நேரம். வெளியே வந்து, "திட்டவே இல்ல. அதான் பயமா இருக்கு" என்றான்.

மூவரும் சேர்ந்து நாலாவது துண்டின் எண்களைத் திருப்பிப் போட்டோம். இரண்டு ஓரத்திலும் இருந்த படிகள் காணாமல் போயின. மூன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை ஒரே கோடு, எங்கும் முறிவில்லை. இத்தனை வருடம் ஓட்டுக்குள் வெப்பம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, மனதின் ஓர் ஓரத்தில் நம்பாமல்தான் இருந்தேன். இன்று நம்பினேன். நாங்கள் தலைகீழாக வைத்தபோதும் அந்தப் பொடி ஓடுகள் தங்கள் வரிசையை விடவில்லை. அந்தக் குளிர் விலக எத்தனை காலமாயிற்று என்று மேடம் அதற்குள் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். கோடு மெதுவாகத்தான் ஏறுகிறது. ஏன் இவ்வளவு மெதுவாக என்று எனக்கும் தெரியவில்லை. தெரிந்தாக வேண்டும்.

கொச்சியில் வேலை வேறு ஒருவருக்கு. நேர்முகம் முடிந்த அன்றே சொல்லிவிட்டார்களாம். மாலையில் பஸ் ஸ்டாப் வரை கூட நடந்தான். நீ செய்ததுதான் சரி என்று நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினான்.

"பெருசா நெனச்சுக்காத. ரெண்டு படமும் லேப்டாப்புல இருந்துச்சு. என் பேரக் கூப்புடுத வரைக்கும் பழசத்தான் போடணும்னு இருந்தேன்" என்றான். "எழுந்து நிக்கும்போது உன் ஞாபகம் வந்துட்டு. திரும்பி வந்தா நீ கேப்பேல்லா, என்னத்தக் காட்டுனேன்னு."

பழைய படத்தையே போட்டிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று கேட்டான். தெரியாது என்றேன். அவன் நம்பவில்லை. ஆனால் அதுதான் உண்மை. ஐந்து நாளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். விடை வரவில்லை, இனி வரவும் வேண்டாம். ஒன்று தெரியாமல் போனதற்காக நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் இந்த ஒரு தடவைதான்.

பஸ் வந்தது. நான் ஏறும்போது, அடுத்த வாரம் நீ வள்ளியூர் போகும்போது நானும் வருகிறேன், உங்கள் அம்மாவிடம் ஒரு விஷயம் பேச வேண்டும் என்றான்.

என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை.